நாவுக்கும் கல்வி வேண்டும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையில் ஏறியவுடன் மொழியைப் பற்றிப் பேசுவது நம் சங்கங்களின் நல்ல மரபு. தலைநகரில் வளரும் நம் பிள்ளைகளின் நாவில் தமிழ் நிலைக்க வேண்டுமென்று ஆண்டுதோறும் வேண்டுகிறோம். இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருளும் அதே நாவைப் பற்றியதுதான். பேசும் தொழிலை விட்டு அதன் உண்ணும் தொழிலைச் சற்றே எண்ணிப் பார்ப்போம். குழந்தைகள் பலவகை உணவுகளையும் விரும்பி உண்ணப் பழகுவது எவ்வாறு என்பதே நம் பேச்சு.

நம் காலனியில் மாலை வேளையில் எந்த வீட்டு வாயிலில் நின்றாலும் ஏறத்தாழ ஒரே உரையாடலைக் கேட்கலாம். "இன்றைக்கு என்ன காய், அம்மா?" "சுரைக்காய்க் கூட்டு." "எனக்கு வேண்டாம்!" பிறகு சிறிது கெஞ்சல், சிறிது அதட்டல், கண்ணீர். முடிவில் தயிர்ச்சோறும் உருளைக்கிழங்கு வறுவலும், அல்லது இரண்டு நிமிடத்தில் வேகும் நூடுல்ஸும் தட்டில் வந்து அமர்கின்றன. அன்னைக்கு மனக்குறை, பிள்ளைக்கு வெற்றி. மறுநாளும் அதே நாடகம்.

இதில் நாம் வருந்தத்தக்க ஒரு செய்தி உண்டு. டில்லியில் பிறந்த தமிழ்ப் பிள்ளை இரண்டு பெருஞ்செல்வங்களுக்கு உரிமை உடையது. ஒன்று, பாட்டனார் ஊரின் சமையல். மற்றொன்று, பிறந்து வளரும் இந்த மண்ணின் சமையல். பீர்க்கங்காய்த் துவையலும் அதற்கு உரியது. கடுகுக் கீரையும் மக்காச்சோள ரொட்டியும் அதற்கு உரியவை. இரண்டு வீட்டுச் சொத்துக்கும் வாரிசான பிள்ளை, இரண்டையும் கைவிட்டுப் பொட்டலத்தில் அடைத்து வரும் மூன்றாவது ஒன்றுக்கு அடிமையாகி நிற்பதைக் காண்கிறோம். கோடை விடுமுறையில் ஊருக்குச் சென்றால் ஆச்சி இட்ட சோற்றை உண்ண அறியாமல் விழிக்கிறது. இங்கே அண்டை வீட்டார் அன்போடு அழைத்தாலும் முகம் சுளிக்கிறது. இரண்டு பந்தியிலும் அதற்கு இடம் இல்லாமற் போகிறது.

உடல்நலமும் இதில் அடங்கியிருக்கிறது. 2019 முதல் 2021 வரை நம் நாட்டில் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு, 6 மாதம் முதல் 59 மாதம் வரையுள்ள குழந்தைகளில் நூற்றுக்கு 67 பேருக்கு இரத்தசோகை இருப்பதைக் காட்டியது. இது வறியவர் வீட்டு நோய் என்று நாம் ஒதுங்கிவிட இயலாது. வசதி மிக்க இல்லங்களிலும் பாதிக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு இக்குறை காணப்பட்டது. வயிறு நிறைந்திருந்தும் இரத்தம் குறைந்திருக்கலாம் என்பதே இதன் பொருள். ஐதராபாத்திலுள்ள தேசிய உணவூட்ட நிறுவனம் 2024-ஆம் ஆண்டில் வெளியிட்ட 17 நெறிகளில் முதல் நெறியாக நிற்பது, பலவகை உணவுகளை உண்ணுங்கள் என்பதே. எந்த ஒரு தானியமும், எந்த ஒரு காயும், உடல் வேண்டும் எல்லாவற்றையும் தனியே தந்துவிடுவதில்லை. கீரையிலும் பயறுகளிலும் கம்பிலும் உள்ள இரும்புச் சத்தை உடல் ஏற்றுக்கொள்வதற்கு எலுமிச்சையும் நெல்லியும் கொய்யாவும் துணை செய்கின்றன. ஒன்றுக்கொன்று கைகொடுக்கும் கூட்டுறவு இது.

குழந்தை ஏன் மறுக்கிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும். இனிப்பை விரும்புதலும் கசப்பைத் துப்புதலும் பிறவியிலேயே அமைந்தவை. மேலும், ஏறக்குறைய இரண்டு வயது முதல் ஆறு வயது வரை, அறியாத உணவைக் கண்டு அஞ்சும் குணம் மிகுந்திருக்கும். தானே நடக்கத் தொடங்கி, கண்டதையெல்லாம் வாயிலிடும் பருவத்தில், நஞ்சுள்ள இலையையும் காயையும் விலக்குவதற்கு இயற்கை வைத்த காவல் இது என்று அறிஞர் கருதுவர். ஆகவே பிள்ளை பாகற்காயைத் தள்ளிவைத்தால் அது அன்னையின் சமையலுக்கு நேர்ந்த இழிவும் அன்று. பிள்ளையின் தீக்குணமும் அன்று. காவல்காரன் புதியவரை வாயிலில் நிறுத்தி "யார்?" என்று கேட்கிறான், அவ்வளவே. அதே விருந்தினர் பன்முறை வந்தால் அவனே வணங்கி வழிவிடுவான்.

"பன்முறை" என்றோமே, எத்தனை முறை? அமெரிக்க உளவியலறிஞர் லியான் பர்ச் என்பவர் தம் துணையாய்வாளருடன் 1982-இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு வயதுக் குழந்தைகளுக்கு அறிமுகமில்லாத பாலாடைக்கட்டி வகைகளையும் பழங்களையும் சுவைக்கத் தந்தார். சிலவற்றை 2 முறையும், சிலவற்றை 5, 10, 15, 20 முறையும் கொடுத்துப் பார்த்ததில், சுவைத்த தடவைகள் ஏற ஏற விருப்பமும் ஏறியது. கண்ணால் கண்டு பழகுவது மட்டும் போதாது, நாவில் பட வேண்டும் என்பதும் அவருடைய பிற்கால ஆய்வில் புலனாயிற்று. நம் வீடுகளிலோ மூன்று முறை அல்லது நான்கு முறை தந்துவிட்டு, "என் பிள்ளைக்கு இது பிடிக்காது" என்று தீர்ப்பெழுதி விடுகிறோம். அகரத்தை நான்கு முறை எழுதவைத்து, வராவிட்டால் பள்ளியை விட்டு நிறுத்துவார் உண்டோ? எழுத்துக்குக் காட்டும் பொறுமையைக் காய்க்கும் காட்டலாகாதா?

அடுத்து, கையூட்டைப் பற்றி ஒரு சொல். "கீரையைத் தின்றால் சாக்லேட் தருவேன்" என்பது நம் இல்லங்களில் நாள்தோறும் நடக்கும் ஒப்பந்தம். இதையும் பர்ச் குழுவினர் ஆராய்ந்து 1984-இல் வெளியிட்டனர். பரிசு பெறுவதற்காக ஒரு பானத்தைக் குடித்த குழந்தைகள் பின்னர் அப்பானத்தை முன்னினும் குறைவாகவே விரும்பினர். காரணம் வெளிப்படை. கூலி கொடுத்துச் செய்விக்கும் வேலை இனிய வேலையாக இராது என்று குழந்தையும் கணக்கிடுகிறது. ஒரே பேரத்தில் கீரையைத் தண்டனையாகவும் சாக்லேட்டைப் பெரும் பேறாகவும் கற்பித்து விடுகிறோம். மூக்கைப் பிடித்து ஊட்டுதலும், கைப்பேசித் திரையைக் காட்டி மயக்கி ஊட்டுதலும் இதற்கு உடன்பிறப்புகள். வாயில் போவது என்னவென்று அறியாமல் விழுங்கும் பிள்ளை எந்தச் சுவையையும் கற்பதில்லை.

அப்படியாயின் பிள்ளையின் விருப்பத்துக்கே விட்டுவிடலாமோ எனின், அதற்கும் ஒரு வரம்பு உண்டு. கிளாரா டேவிஸ் என்னும் மருத்துவ அம்மையார் பால்குடி மறக்கும் பருவத்துக் குழந்தைகள் 15 பேரை வைத்து நடத்திய புகழ்பெற்ற ஆய்வை 1939-இல் விளக்கியுரைத்தார். 34 உணவுப் பொருள்களைப் பட்டியலிட்டு, வேளைதோறும் அவற்றுள் பலவற்றைத் தட்டுகளில் வைத்து, குழந்தை எதை வேண்டுமாயினும் எவ்வளவு வேண்டுமாயினும் உண்ணுமாறு விட்டார். குழந்தைகள் நன்கு வளர்ந்தனர். "பார்த்தீர்களா, குழந்தை தானே அறியும்" என்று இதைக் காட்டிச் சிலர் கூறுவர். ஆனால் அந்த 34-இல் சர்க்கரையிட்ட பண்டம் ஒன்றும் இல்லை. தேர்வு குழந்தையுடையது; பட்டியலோ பெரியவர்களுடையது. இந்த ஓர் உண்மையை நம் அடுக்களைச் சட்டமாகக் கொள்ளலாம். என்ன சமைப்பது, எப்போது பரிமாறுவது என்பன பெற்றோர் பொறுப்பு. பரிமாறியவற்றுள் எதை எவ்வளவு உண்பது என்பது பிள்ளையின் உரிமை.

நாவின் கல்வி தொட்டிலுக்கு முன்பே தொடங்குகிறது என்பதும் இன்று தெளிவாகியிருக்கிறது. பிலடெல்பியா நகரிலுள்ள மோனெல் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த ஜூலி மெனெல்லா குழுவினர் 2001-இல் வெளியிட்ட ஆய்வின்படி, கருவுற்ற காலத்தின் இறுதி மாதங்களிலோ பாலூட்டும் காலத்திலோ தாய்மார் காரட்டுச் சாறு பருகியிருந்தால், அவர்தம் குழந்தைகள் காரட்டுச் சுவையுள்ள கூழை முகஞ்சுளிக்காது ஏற்றன. தாய் உண்ணும் உணவின் மணம் பனிக்குடத்து நீரிலும் தாய்ப்பாலிலும் கலந்து, பிள்ளைக்கு முதற் பாடமாக அமைகிறது.

ஒரு வீட்டுக்குப் பொருந்தும் உண்மை ஒரு நாட்டுக்கும் பொருந்தும். சென்னை மாநகராட்சி 1920-இல், பி. தியாகராய செட்டியார் தலைமையில், ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்கு உணவளிக்க முற்பட்டது. பெருந்தலைவர் காமராசர் 1956-இல் மதிய உணவை மாநிலத் திட்டமாக்கினார். எம்.ஜி.ஆர். அவர்கள் 1982-இல் அதைச் சத்துணவாக விரிவாக்கினார். பசி தீர்த்தல் முதற் கடமையாயிருந்த அத்திட்டத்தில், பின்னர் சுவைக்கும் இடம் கிடைத்தது. 2013-இல், ஜெயலலிதா அவர்கள் ஆட்சியில், கலவைச் சோறுகளும் மசாலா சேர்த்த முட்டைகளும் சோதனை முறையில் புகுத்தப்பட்டன. கறிவேப்பிலைச் சோறு, கொண்டைக்கடலைப் புலவு, மிளகு முட்டை, தக்காளி மசாலா முட்டை என்று நாளுக்கொரு வகை வந்தது. மு.க. ஸ்டாலின் அவர்கள் 2022 செப்டம்பர் 15-ஆம் நாள் மதுரையில் தொடங்கிவைத்த காலை உணவுத் திட்டத்திலும் உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று வகைமாற்றம் வைத்திருக்கிறார்கள். கட்சிகள் மாறியும் இப்பணி தொடர்ந்தது. பல இலட்சம் பிள்ளைகளுக்குச் சமைக்கும் அரசே வகைமாற்றத்தின் தேவையை எண்ணும்போது, இரண்டு பிள்ளைகளுக்குச் சமைக்கும் நாம் எண்ணலாகாதா?

இங்கே நம் பெரியவர்களிடமிருந்து ஒரு கேள்வி எழும். "பிள்ளைகள் ராஜ்மாவும் சோளேயும் தின்று பழகினால் நம் சாம்பாரையும் இரசத்தையும் மறந்துவிடுவார்களே! உணவு போனால் பண்பாடு போகாதோ?" கேள்வி நியாயமானதே, அதன் பின்னே அன்பும் அச்சமும் உள்ளன. ஆயினும் நம் இலக்கியம் வேறு விதமாக வழிகாட்டுகிறது. பெரும்பாணாற்றுப்படையில், பரிசில் நாடிச் செல்லும் பாணனுக்கு வழிநெடுகக் கிடைக்கும் விருந்துகள் கூறப்படுகின்றன. ஓரிடத்தில் பாலோடு தினைச் சோறு, மற்றோரிடத்தில் வரகுச் சோற்றோடு அவரைப் பருப்பு, அந்தணர் இல்லத்தில் மாதுளங்காயும் மாவடுவும், வேறிடங்களில் மீனும் ஊனும் என்று நிலம் மாறுந்தோறும் உணவு மாறுகிறது. பாணன் எந்த விருந்தையும் இகழ்ந்தான் அல்லன். அவ்வந்நிலத்தார் இட்டதை உண்டான். தன் யாழையும் பாட்டையும் இழந்தானும் அல்லன். பிழைப்பு நாடித் தலைநகர் வந்த நாமும் ஒருவகையில் அந்தப் பாணர் மரபினரே.

நாம் "நம்முடையது" என்று போற்றும் சமையலும் பல கடல்களைக் கடந்து வந்ததுதான். மிளகாயும் தக்காளியும் உருளைக்கிழங்கும் அமெரிக்கக் கண்டத்தில் பிறந்தவை. 1492-இல் கொலம்பஸ் அக்கரை சேர்ந்த பின்னரே பிற கண்டங்களுக்குப் பரவின. புதிதாய் வந்த காரத்துக்குத் தமிழர் தம் பழைய மிளகின் பெயரையே சூட்டி, மிளகுபோற் காரமுள்ள காய் என்னும் பொருளில் மிளகாய் என்றனர். அன்று நம் முன்னோர் "இது நமக்கு ஆகாது" என்று வாயை மூடியிருந்தால் இன்று சாம்பாரின் நிறமே வேறாக இருந்திருக்கும். அவர்கள் புதியதை ஏற்றனர். தம் அடுக்களையின் இலக்கணத்துக்குள் அதை அடக்கினர். அதுவே பண்பாட்டின் வலிமை.

இனி, டில்லியைப் பாருங்கள். இந்நகரம் நமக்கு எத்துணை நெருங்கிய உறவு என்பதை அதன் சந்தையே கூறும். குளிர்காலத்தில் அண்டை வீட்டார் சுடும் பாஜ்ரா ரொட்டி நம் கம்பே. பதுவா என்று கட்டுக்கட்டாய் விற்பது நம் சக்கரவர்த்திக் கீரை. அர்பி என்பது சேப்பங்கிழங்கு. கமல் ககடி என்று அவர்கள் குழம்பிலிடும் தாமரைத் தண்டை, நாம் வற்றலாக்கி வறுத்துண்கிறோம். அக்பர் சாலையில் நிழல் தருவன புளிய மரங்கள்; அசோகா சாலையில் ஆனி ஆடியில் கனி உதிர்ப்பன நாவல் மரங்கள். புளியும் நாவலும் இருக்கும் ஊரைத் தமிழன் அயலூர் என்று எப்படிச் சொல்வான்?

நவராத்திரியை நினைத்துப் பாருங்கள். நம் கொலுவில் நாளுக்கொரு பயற்றில் சுண்டல் செய்கிறோம். ஒன்பது நாளில் பலவகைப் பயறுகளைப் பிள்ளைகளின் நாவுக்கு அறிமுகப்படுத்தும் அழகிய பாடத்திட்டம் இது. அதே நாள்களில், அட்டமியன்றோ நவமியன்றோ, நம் அண்டை வீட்டார் சிறுமியரை அழைத்துக் கால் கழுவி, பூரியும் அல்வாவும் கறுப்புக் கொண்டைக்கடலையும் படைக்கின்றனர். காலையில் அங்கே சீரகம் மணக்கும் கடலை. மாலையில் இங்கே தேங்காய்த் துருவல் இட்ட கடலை. கடலை ஒன்றே, கைமணம் இரண்டு. இரண்டையும் விரும்பும் சிறுமி இரண்டு வீட்டுக்கும் மகள்.

இனி நடைமுறைக்கு வருவோம். இன்று நம் இல்லங்களில் அன்னையரும் அலுவலகம் செல்கின்றனர். ஆளுக்கொரு சமையல் செய்ய அவர்களுக்கு நேரமும் இல்லை. அதற்குத் தேவையும் இல்லை. வீட்டுக்கு ஒரே சமையல். அதில் பிள்ளைக்குப் பழகிய பொருள் ஒன்றேனும் இருக்கட்டும். புதிய காயை நெல்லிக்காய் அளவே வையுங்கள். வேண்டாமென்றால் வாதிடாமல் எடுத்துவிடுங்கள். நான்கு நாள் கழித்து மீண்டும் வையுங்கள். பழகிய வழியில் புதியதை அனுப்புங்கள். பதுவாவைப் பருப்புக் கூட்டாகவும், சுரைக்காயை மோர்க்குழம்பாகவும், கம்பை மோர் கலந்த கூழாகவும் தரலாம். தந்தையர் வாரச் சந்தைக்கோ சஃபல் கடைக்கோ ஐ.என்.ஏ. சந்தைக்கோ செல்லும்போது பிள்ளைகளின் கையில் ஒரு பையைக் கொடுத்து அழைத்துச் செல்லுங்கள். ஒரு காயைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். அதன் பெயரைத் தமிழிலும் இந்தியிலும் சொல்லட்டும். தையும் மாசியும் பச்சைப் பட்டாணிக் காலம். உரிக்கும் வேலையைச் சிறுவர்க்கு விடுங்கள். உரித்த கை உண்ணாமல் இருப்பதில்லை.

எல்லாவற்றினும் முதன்மையானது உடனமர்ந்து உண்ணுதல். தொலைக்காட்சியை நிறுத்தி, ஒரு வேளையேனும் குடும்பம் முழுவதும் சேர்ந்து உண்ண வேண்டும். தந்தை தம் தட்டிலிருந்து கத்தரிக்காயை ஒதுக்கிவைத்துக்கொண்டு மகனுக்குக் கத்தரிக்காயின் சிறப்பை விரித்துரைத்தல் பயனற்றது. குழந்தை காதால் கற்பதைவிடக் கண்ணால் கற்பதே மிகுதி. அண்டை வீட்டு உணவைக் கண்டு "சீ" என்னும் சொல் பெரியவர் வாயிலிருந்து ஒருபோதும் வரலாகாது. அவரவர் குடும்பம் விலக்கியவற்றை விலக்கிக் கொள்ளட்டும். ஆயினும் உண்ணாமை வேறு, இகழ்தல் வேறு என்பதைப் பிள்ளைக்கு உணர்த்துவோம். பள்ளியில் நம் பிள்ளையின் புளியோதரையைக் கண்டு பிறர் நகைத்தால் நம் நெஞ்சம் வலிக்கும் அன்றோ? அதே வலி பிறர்க்கும் உண்டு.

ஓர் எச்சரிக்கையும் கூறிவிடுகிறோம். ஐந்து வயதுக்குட்பட்ட சிறுவர்க்கு முழு நிலக்கடலை போன்றவற்றைத் தருதல் தகாது, தொண்டையில் அடைத்துக்கொள்ளும். ஓர் உணவு உடலில் தடிப்போ மூச்சுத் திணறலோ உண்டாக்கினால் அதை மீண்டும் தராமல் மருத்துவரை நாடுங்கள். சில பிள்ளைகள் விரல்விட்டு எண்ணத்தக்க சில உணவுகளையன்றி வேறெதையும் தொடாமல், எடையும் குறைந்து நிற்பர். அதைப் பிடிவாதம் என்று எண்ணலாகாது. அதைத் தனியொரு குறைபாடாக 2013 முதல் மருத்துவ நூல்கள் வகைப்படுத்தியுள்ளன. அத்தகைய பிள்ளைக்கு அதட்டல் மருந்தாகாது. மருத்துவர் துணையே வேண்டும்.

முடிவாக, நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். சிற்றூர்களில் நம் பாட்டியர் சிறுமியராயிருந்தபோது, ஆளுக்குக் கொஞ்சம் அரிசியும் பருப்பும் காயும் கொண்டுவந்து ஒரே பானையில் ஆக்கி, கூட்டாஞ்சோறு பொங்கி விளையாடினர். வரும் பொங்கல் விழாவில் அவ்விளையாட்டை நம் காலனிப் பூங்காவில் மீண்டும் தொடங்குவோம். ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டார் அண்மையில் உண்ணாத ஒரு காயையோ கீரையையோ கொண்டுவரட்டும்; அதன் பெயரைத் தமிழில் கூறிப் பானையில் இடட்டும். பஞ்சாபி வீட்டுப் பிள்ளையும் வங்காளி வீட்டுப் பிள்ளையும் தத்தம் பங்கோடு வரட்டும். பேச்சுப் போட்டிக்கும் கோலப் போட்டிக்கும் பரிசளிக்கும் நாம், இதற்குப் பரிசு எதுவும் வைக்க வேண்டா. உண்ணுதலுக்குக் கூலி ஆகாது என்று முன்பே கண்டோம். ஒரு பானையைச் சுற்றி அமர்ந்து உண்ணும் இன்பமே போதிய பரிசு.

தாய்மொழியோடு அண்டை மொழியையும் கற்ற பிள்ளைக்கு உலகம் அகன்றிருக்கிறது. அதுபோலவே, தாய்வீட்டு உணவோடு அண்டை வீட்டு உணவையும் விரும்பும் பிள்ளைக்கு எந்த ஊரிலும் பசியில்லை. எந்த ஊரும் அயலூர் இல்லை. அத்தகைய பிள்ளைகளை நாம் வளர்ப்போமாக!